கழுத்தை நீட்டும் காதல்

கல்லறையைத் தோண்டுகிறார்கள்!

1732-ஆம் ஆண்டு, சனவரித் திங்கள். செர்பிய நாட்டின் மெத்வெஜா எனும் சிற்றூர். வெளியிலே குளிர், உள்ளத்திலே பீதி. மண்வெட்டி பிடித்து நிற்பவர்கள் எழுத்தறியா உழவர்கள். பக்கத்திலே நிற்பவரோ ஆஸ்திரியப் பேரரசின் படை மருத்துவர் யோஹான் ஃப்ளூக்கிங்கர். கற்றவர், கத்தி பிடித்துப் பிணமறுத்துப் பழகியவர். பெட்டி திறக்கப்படுகிறது. பிணம் உப்பிக் கிடக்கிறது. வாயோரம் குருதி கசிந்திருக்கிறது. பழைய நகம் கழன்ற இடத்திலே புதுநகம் போன்ற ஒன்று தெரிகிறது. இரவிலே எழுந்து வந்து எங்கள் குருதியைக் குடித்தவன் இவன்தான் என்று ஊர் அலறுகிறது. தலை துண்டிக்கப்படுகிறது, உடல் எரிக்கப்படுகிறது, சாம்பல் மொராவா ஆற்றிலே கரைக்கப்படுகிறது. மருத்துவர் அத்தனையும் ஏட்டிலே எழுதி, கையொப்பமிட்டு, மேலிடத்துக்கு அனுப்பிவைக்கிறார்.

ஆண்டுகள் உருண்டன. 2005-இல் அமெரிக்க நாட்டிலே ஸ்டெஃபனி மேயர் எனும் பெண்மணி எழுதிய 'ட்வைலைட்' எனும் புதினம் வெளிவந்தது, 2008-க்குள் நான்கு பாகங்களாக வளர்ந்தது, பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்றது, திரைப்படமாயிற்று. அதிலே நாயகன் யார்? அதே இரத்தக்காட்டேரி! எவன் வந்துவிடுவானோ என்று அஞ்சி மெத்வெஜா மக்கள் கதவடைத்தார்களோ, அவன் வரமாட்டானா என்று ஏங்கிப் பல நாட்டு இளம்பெண்கள் சன்னலைத் திறந்து வைத்தார்கள். மார்பிலே அறைய மரமுளை தீட்டிய கைகள் போய், மாலை தொடுக்கும் கைகள் வந்தன. துணைக்கு ஓநாய் மனிதனும் வந்து சேர்ந்தான். அவனுக்கும் காதலுரிமை உண்டென்று வாதாட ஒரு பெருங்கூட்டம் கிளம்பிற்று.

ஏன் இந்த மாற்றம்? தின்ன வருபவன்மீது காதல் பிறப்பானேன்? பேய் இல்லை, பிசாசு இல்லை என்று மேடையேறிப் பேசுகிற நமக்கு இந்த வினாவிலே வேலை இருக்கிறதா, இல்லையா?

வேலை இல்லை என்பார் சிலர். காட்டேரி என்று ஒன்று கிடையாது. ஆகவே காட்டேரிக் காதலும் கிடையாது. கதையை மூடு, கணக்கு முடிந்தது என்பார்கள். எளிய விடை, ஏமாற்றுகிற விடை! அந்தப் புதினத்தைப் படித்த பெண்களிலே காட்டேரி உண்டென்று நம்பியவர் எத்தனை பேர் இருக்கக்கூடும்? படிக்கும்போது அஞ்சுவாள், சிலிர்ப்பாள், கண்ணீர் வடிப்பாள். விளக்கை அணைத்ததும் உறங்கிவிடுவாள். நம்பாத ஒன்றிலே அவள் எதைத் தேடுகிறாள் என்பதல்லவா கேள்வி! மற்றொரு கூட்டம் இருக்கிறது, அது ஒழுக்கக் காவலர் கூட்டம். பெண்பிள்ளைகள் இதைப் படித்துக் கெட்டுப்போகிறார்கள், ஏட்டைப் பிடுங்கு, எரி என்று அது கூவும். பெண் எதை விரும்பிப் படித்தாலும் கெட்டுப்போவாள் என்பதே அவர்கள் சித்தாந்தம். அவர்களோடு நமக்கு உறவில்லை.

காட்டேரி நம்பிக்கை எதைத் தின்றது என்பதை முதலில் பார்ப்போம். கதையின் இனிப்பு வேறு, நம்பிக்கையின் கசப்பு வேறு என்பது அப்போதுதான் விளங்கும்.

மண்ணுக்குள் போன உடல் ஒரே சீராக அழிவதில்லை. குளிர்ந்த மண்ணிலே அழிவு மெல்ல நடக்கும். வயிற்றுக்குள் காற்று திரண்டு உடல் உப்பும். அந்தக் காற்று நெஞ்சை நெருக்க, கருஞ்சிவப்பு நீர் வாய்வழி கசியும். மேல்தோல் உரிய, உள்தோல் புதிதுபோல் தோன்றும். இவ்வளவுதான் மெத்வெஜாவின் மர்மம்! படை மருத்துவர் கண்ணால் கண்டதைத் தவறின்றி எழுதினார். கண்டதற்குக் காரணம் காட்டும்போதுதான் ஊராரின் பேய்க்கதையைக் கடன் வாங்கிக்கொண்டார். பார்வை மட்டும் போதாது, பகுத்தறிவும் வேண்டும் என்பதற்கு அந்த அறிக்கையைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1755-இல் மொராவியாவிலே மீண்டும் பிணம் எரிக்கும் பித்துக் கிளம்பியபோது, பேரரசி மரியா தெரேசா தம் மருத்துவர் ஜெரார்ட் வான் ஸ்வீட்டனின் கருத்தைக் கேட்டார். அவர் ஆராய்ந்து, இது அறியாமையின் ஆட்டம் என்று எழுதிக்கொடுத்தார். கல்லறை தோண்டுவதும், முளை அடிப்பதும், பிணத்தை எரிப்பதும் தடைசெய்யப்பட்டன.

தடை வந்தது, மடமை மாய்ந்துவிடவில்லை. 1882-இல் ராபர்ட் காக் பெர்லின் நகரிலே எலும்புருக்கி நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்து அறிவித்தார். உலகமெங்கும் ஏடுகள் அச்செய்தியைச் சுமந்தன. பத்தாண்டு கழித்து, 1892-இல், அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்து எக்ஸெட்டர் எனும் ஊரிலே மெர்சி பிரவுன் என்ற பத்தொன்பது வயதுப் பெண் அதே எலும்புருக்கியால் இறந்தாள். தாயும் தமக்கையும் முன்பே அந்நோய்க்குப் பலியானவர்கள், தம்பி எட்வின்... இல்லை, உடன்பிறந்தான் எட்வின் நோயோடு படுக்கையிலே கிடந்தான். செத்தவர்களிலே ஒருத்தி எழுந்து வந்து எட்வினின் உயிரைக் குடிக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டிற்று. குளிர்காலத்திலே இரண்டே மாதம் வைக்கப்பட்டிருந்த மெர்சியின் உடல் அழுகாமல் இருந்தது, அதுவே குற்றமாயிற்று! இதயத்தை எடுத்து எரித்தார்கள். சாம்பலைக் கரைத்து எட்வினுக்கே குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு திங்களுக்குள் எட்வினும் இறந்தான். ஆப்பிரிக்கக் காட்டிலே நடந்ததன்று, ஆசியக் குக்கிராமத்திலே நடந்ததன்று. புகைவண்டியும் தந்தியும் நாளேடும் பெருகிய நாட்டிலே நடந்தது.

ஓநாய் மனிதன் கதை இதனினும் கொடிது. காட்டேரி என்று பழிக்கப்பட்டவை பெரும்பாலும் பிணங்கள். ஓநாய் என்று பழிக்கப்பட்டவர்களோ உயிருள்ள மனிதர்கள்! ஜெர்மனியின் கொலோன் நகருக்கருகே பெட்பர்க் எனும் ஊரிலே 1589-இல் பீட்டர் ஸ்டம்ப் என்பவனைப் பிடித்து, வதைப்பொறியிலே ஏற்றுவதாக மிரட்டி, நான் ஓநாயாக மாறித் திரிந்தேன் என்ற வாக்குமூலத்தை வாங்கினார்கள். சக்கரத்திலே கட்டி உடைத்துக் கொன்றார்கள்; அவன் மகளையும் காதற்கிழத்தியையும் உடன் கொன்றார்கள். 1603-இல் பிரான்சிலே ழான் கிரெனியே என்ற சிறுவன், தான் ஓநாயாக மாறிக் குழந்தைகளைத் தின்றதாகத் தானே சொல்லிக்கொண்டான். போர்தோ நீதிமன்றத்தார் சற்று நிதானித்தார்கள். இவன் அறிவு தெளியாதவன், எரிக்கத் தகாது என்று கூறி மடாலயத்திலே அடைத்துவைத்தார்கள். அந்நாளைய அளவுகோலின்படி அதுவே பெருங்கருணை.

இத்தனை குருதியும் கண்ணீரும் தோய்ந்த பொருள் எப்படிக் காதல் விருந்தாயிற்று?

இடையிலே ஒரு வேடமாற்றம் நடந்திருக்கிறது, தோழர்களே! அதைக் கவனிக்க வேண்டும். செர்பியக் காட்டேரி ஒரு குடியானவன். உப்பிய உடல், சிவந்த முகம், நாற்றம். அவனைக் கண்டு யாரும் காதலிக்கமாட்டார்கள். 1816-ஆம் ஆண்டுக் கோடையிலே, முந்தைய ஆண்டு தம்போரா எரிமலை கக்கிய புகையால் ஐரோப்பாவிலே வெயிலே தெரியாமல் மழை கொட்டிக்கொண்டிருந்த வேளையில், ஜெனீவா ஏரிக்கரை மாளிகையிலே பைரன் பிரபுவும், கவி ஷெல்லியும், பின்னாளில் அவர் மனைவியான மேரியும், பைரனின் மருத்துவர் பொலிடோரியும் பேய்க்கதை எழுதிப் பொழுது போக்கினார்கள். மேரியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' அங்கே கருக்கொண்டது. பைரன் தொடங்கிக் கைவிட்ட கதைத்துணுக்கை வைத்துப் பொலிடோரி 'வாம்பயர்' எனும் கதையை எழுதினார். 1819-இல் அது வெளியானபோது பைரன் எழுதியது என்றே அச்சிட்டார்கள். மருத்துவன் பெயரைவிடப் பிரபுவின் பெயருக்கு விலை அதிகம் அல்லவா!

அந்தக் கதையிலே காட்டேரி, பிரபுவாகிவிட்டான். ருத்வென் பிரபு! வெளிறிய முகம், வசீகரப் பார்வை, விருந்து மண்டபத்து அழைப்பு, கையிலே பணம். பெண்கள் அவனைத் தேடி வருகிறார்கள், அழிகிறார்கள். உடன் வாழ்ந்த எசமானரைப் பார்த்தே எழுதினார் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். 1872-இல் லெ ஃபானுவின் 'கார்மில்லா' வந்தாள், அவளும் சீமாட்டி. 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வந்தான். அவனும் கோட்டை கொத்தளமுள்ள கோமகன். குடியானவன் பிணம் எங்கே, கோமகன் எங்கே! குருதி குடிப்பவனைத் தேடிய எழுத்தாளர்கள் சேரிக்குப் போகவில்லை, சிற்றூருக்குப் போகவில்லை, நேரே அரண்மனைக்குப் போனார்கள். வால்டேர் இதை அவர்களுக்கு முன்பே சொன்னவர். இலண்டனிலும் பாரிசிலும் செத்த காட்டேரிகளைக் காணோம். பட்டப்பகலிலே மக்களின் குருதியை உறிஞ்சும் வணிகர்களையும் வரிக்காரர்களையும் துறவிகளையும்தான் காண்கிறேன் என்ற பொருள்பட நையாண்டி செய்தார். கார்ல் மார்க்சும் 1867-இல் வெளிவந்த 'மூலதன'த்திலே முதலாளியத்துக்கு இந்தக் காட்டேரி உவமையையே எடுத்தாண்டார்.

ஆனால் ஒன்று நடந்தது. உறிஞ்சுபவன் பிரபு என்று காட்டப் புறப்பட்ட கதை, போகப்போகப் பிரபுவின் அழகிலே தானே மயங்கிவிட்டது! 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' எனும் மௌனப் படத்திலே காட்டேரி எலிமுகத்தான், அருவருப்பு. 1931-இல் பேலா லுகோசி மேலங்கி வீசி நடந்தார், கம்பீரம். அடுத்தடுத்த பத்தாண்டுகளிலே கம்பீரம் கவர்ச்சியாயிற்று, கவர்ச்சி காதலாயிற்று.

இந்தப் பயணத்திலே நான் எள்ளி நகையாட முடியாத ஒரு நூல் உண்டு. ஆன் ரைஸ் எனும் எழுத்தாளரின் சின்னஞ்சிறு மகள் 1972-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். 1976-இல் அந்தத் தாய் எழுதி வெளியிட்ட காட்டேரிப் புதினத்திலே கிளாடியா எனும் சிறுமி வருகிறாள். சாகும் தறுவாயிலே காட்டேரியாக்கப்படுகிறாள். சாவே இல்லாமல், வளர்ச்சியும் இல்லாமல், என்றென்றும் குழந்தையாகவே நிற்கிறாள். குருதி கெட்டு மகளை இழந்த தாய், குருதியாலேயே சாகாத ஒரு மகளைப் படைத்துப் பார்க்கிறாள். படைத்தபின், அந்தச் சாகாமையும் ஒரு கொடுமையே என்று காண்கிறாள். இதைப் படித்துவிட்டு மூடநம்பிக்கை என்று முத்திரை குத்துபவன் பகுத்தறிவாளன் அல்லன், பகுத்தறிவின் பெயரால் கல்லாகிப் போனவன். இறந்தவர் வரமாட்டார் என்பது நமக்குத் தெரியும். வரவேண்டும் என்ற ஏக்கம் அதனால் அற்றுப்போய்விடுமா?

மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் என்னிடம், "ஐயா, இல்லாத பேயை நம்பினால் தவறு என்கிறீர்கள். சரி. இல்லாத பேயைக் காதலித்தால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண். வாயடைக்கும் வினாவென்று வகுப்பே சிரித்தது. நான் அவளிடம், "அந்தப் பேயிடம் உனக்குப் பிடித்தது எது?" என்று திருப்பிக் கேட்டேன். சற்று யோசித்துச் சொன்னாள்: "அவனால் அவளைக் கொல்ல முடியும், ஐயா, ஆனாலும் கொல்லமாட்டான்."

தோழர்களே, அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை திறனாய்வு நூல்கள் அடங்கிக் கிடக்கின்றன! பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு ஊர் என்ன சொல்லி வளர்க்கிறது? ஆண் என்பவன் பசித்த விலங்கு. தனியே போகாதே, தெருமுனையில் நிற்காதே, நிமிர்ந்து பார்க்காதே. அவன் பாய்ந்தால் பழி உனக்குத்தான்! இப்படி அச்சத்திலே வளர்ந்தவள், அந்த அச்சத்தையே ஆளாக்கி, அழகனாக்கி, பல் முளைக்க வைத்து, பின் அவன் பசியை அவனே அடக்கிக்கொள்வதாகக் கற்பனை செய்கிறாள். 'ட்வைலைட்' நாயகன் எட்வர்டுக்கு நாயகி பெல்லாவின் குருதி மணமே வெறியேற்றுகிறது. ஆனாலும் தொடாமல் தவிக்கிறான். அவன் குடும்பமே மனிதக் குருதியை விலக்கி விலங்குக் குருதியிலே காலம் கழிக்கிறது. மானையும் மலைச்சிங்கத்தையும் உறிஞ்சிவிட்டுத் தங்களைச் சைவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இந்த வேடிக்கை நம் நாட்டுக்குப் புதிதன்று, போகட்டும்! அடக்கிக்கொள்ளும் ஆண் என்பதே அந்தக் கதையின் தேன். அந்தத் தேனைத் தேடும் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு அந்தக் கனவைத் தவிர வேறெங்கும் அடக்கமுள்ள ஆணைக் காட்டாத சமுதாயத்தைத்தான் குறைசொல்ல வேண்டும்.

அச்சம் இன்பமாவது எப்படி என்று எட்மண்ட் பர்க் 1757-இலேயே எழுதினார். அச்சம் தரும் பொருள் மிக நெருங்கினால் துன்பம்; சற்று விலகி நின்றால் அதுவே ஒருவகைக் களிப்பு என்றார். உண்மை. புலியைக் கூண்டிலே பார்ப்பதற்கும் காட்டிலே பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. ஏட்டைப் பிடித்திருக்கும் கை வாசகியின் கை, வேண்டாமென்றால் மூடிவிடலாம். அச்சத்தின் கடிவாளம் அவளிடமே இருக்கிறது. ஆகவே அது விளையாட்டு. விடுதலையுள்ளவர் ஆடும் விளையாட்டு. இதே பர்க்தான் 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு பதறி, அரசியின் ஒளியையும் பிரபுக்களின் வீரப்பண்பையும் நினைத்து நினைத்து உருகினார் என்பதை மறந்துவிடக் கூடாது. அச்சத்திலே இன்பம் கண்டவர், ஆண்டைகளிலே அழகு கண்டதில் வியப்பென்ன!

மாணவியின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. கோரைப்பல்லை அவள் நம்பவில்லை. நம்பாததால் அதனால் கேடில்லை. ஆனால் கோரைப்பல்லோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாமல், வேறு சில சரக்குகள் உள்ளே நுழைகின்றன. அவற்றை யாரும் கதையென்று எண்ணுவதில்லை. காதல் என்றே எண்ணுகிறார்கள்.

எட்வர்டு, பெல்லாவுக்குத் தெரியாமல் இரவுதோறும் அவள் அறைக்குள் புகுந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நம் தெருவிலே எவனாவது அப்படிச் செய்தால் காவல்நிலையத்துக்கு ஓடுவோம். கதையிலே அது அன்பின் ஆழமாம்! ஓநாய்க்கூட்டத்து நண்பன் ஜேக்கபைப் பார்க்க அவள் புறப்படுகிறாள். எட்வர்டு அவள் வண்டியின் உறுப்பொன்றைக் கழற்றி வைத்து அவளைப் போகவிடாமல் தடுக்கிறான். பிறகு தன் சகோதரிக்கு விலையுயர்ந்த கார் ஒன்றைக் கையூட்டாகக் கொடுத்து, அவளைக் காவலில் வைக்கச் சொல்கிறான். எல்லாம் அவள் நன்மைக்காகத்தானாம்! இந்தச் சொல்லை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? வீட்டுக்குள்ளே பூட்டப்பட்ட பெண்களையெல்லாம் கேளுங்கள். பூட்டியவன் ஒவ்வொருவனும் அவள் நன்மைக்காகத்தான் பூட்டினான்.

ஓநாய் மனிதர் பக்கம் வருவோம். சாம் என்பவன் லேயா என்ற பெண்ணைக் காதலித்து வந்தான். ஒருநாள் அவள் உறவுப்பெண் எமிலியைக் கண்டதும், ஓநாய்க் குலத்து விதிப்படி, மனம் அவளிடம் ஒட்டிக்கொள்கிறது. இனி அறுக்க முடியாத ஒட்டு! லேயா கைவிடப்படுகிறாள். யார்மீது குற்றம்? யார்மீதும் இல்லை, விதி! அதே சாம் ஒருமுறை சினத்தால் ஓநாயாக மாறும்போது எமிலி அருகிலே நிற்கிறாள், அவள் முகம் கிழிபடுகிறது, வாழ்நாள் வடு. அவள் அவனுக்கே மனைவியாகப் போகிறவளாக, சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் பலகாரம் சுட்டுக்கொடுக்கிறாள். கிழித்தவன் படும் வேதனைக்குத்தான் கதையிலே இடம்! இன்னும் மேலே போனால், கைக்குழந்தைமீது வளர்ந்த வாலிபன் மனம் ஒட்டிக்கொள்கிறது. அவள் வளரும்வரை காத்திருப்பானாம். பிறந்த அன்றே இன்னாருக்கு இன்னாள் என்று எழுதி வைக்கும் வழக்கத்தை ஒழிக்க நாம் எத்தனை மேடை ஏறினோம்! பால்மணம் மாறாப் பெண்ணுக்கு முடிச்சுப்போட்ட கொடுமையைச் சட்டம் போட்டுத் தடுக்க எத்தனை பேர் பாடுபட்டார்கள்! அது ஆங்கிலம் பேசிக்கொண்டு, ஓநாய்த் தோல் போர்த்துக்கொண்டு, காதல் எனும் பெயரோடு திரும்பி வருகிறது.

பெரியார் காதலைத் தெய்விகம் என்று தூக்கிவைப்பதை ஏன் அவ்வளவு கடுமையாகக் கேள்வி கேட்டார் என்று பலர் முகம் சுளித்ததுண்டு. காதலை மறுக்கவில்லை அவர்; மனிதர் விரும்பி மேற்கொள்வதை மனிதர் விருப்பத்துக்கு மேற்பட்ட ஒன்றாக ஆக்காதே என்றார். விதி என்று சொல்லிவிட்டால் விலக வழியில்லை; விலக வழியில்லாத இடத்திலே விருப்பத்துக்குப் பொருளில்லை. காட்டேரி இல்லை என்று சொல்வது எளிது. 'நாம் இருவரும் ஏழேழு பிறவிக்கும் எழுதப்பட்டவர்கள்' என்ற பேச்சு பொய் என்று சொல்லிப் பாருங்கள். பகுத்தறிவு பேசும் இளைஞனே பாதி வழியிலே தயங்குவான். தயக்கம் எங்கே வருகிறதோ அங்கேதான் பேய் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பெல்லா கோரைப்பல்லுக்கு அஞ்சவே இல்லை. என்னையும் காட்டேரியாக்கு, உனக்குச் சமமாக்கு என்றுதான் மன்றாடுகிறாள். பதினெட்டு வயதிலே திருமணம் செய்துகொள்ளத்தான் தயங்குகிறாள். மணமுறிந்த பெற்றோரின் மகள் அவள். எட்வர்டோ முதலில் திருமணம், பிறகுதான் மற்றதெல்லாம் என்று நிபந்தனை போடுகிறான். நம் மொழியிலே தாலி கட்டிக்கொள்வதைக் 'கழுத்தை நீட்டுவது' என்கிறோம். யாருக்கோ கழுத்தை நீட்டினாள் என்று பெண்ணைப் பற்றிப் பேசுகிறோம். பலியாட்டுக்கும் மணப்பெண்ணுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிக்காரர்களுக்குக் காட்டேரிக் காதல் விளங்காமல் போகுமா! தாலி இல்லாமல், புரோகிதர் இல்லாமல், இருவர் ஒப்பி உறுதிகூறினால் அதுவே திருமணம் என்று 1967-இல் அண்ணா ஆட்சி சட்டமியற்றியதற்குப் பின்னே இருந்த எண்ணம், கழுத்தை நீட்டும் காட்சியை மாற்றிக் கைகோக்கும் காட்சியாக்குவதே.

இன்னும் ஒரு சரக்கைச் சொல்லாமல் விட மாட்டேன். அந்தப் புதினத்திலே காட்டேரிக் குடும்பம் வெள்ளை நிறம். வெயில் பட்டால் வைரம்போல் மின்னும் வெண்மை. மாளிகை, கார்கள், கல்வி, இசை எல்லாம் அவர்களுக்கு. ஓநாய்களோ பழுப்பு நிறத்து அமெரிக்கத் தொல்குடியினர். மேலாடை இல்லை, பணம் இல்லை, சினம் மட்டும் உண்டு. வெண்மை என்றால் உயர்வு, அடக்கம். கருமை என்றால் விலங்கு, வெறி. இந்தப் பாடத்தை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அசுரன், அரக்கன், குரங்கு என்று நம்மைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகளைப் படித்துத் தேறியவர்கள் நாம். அந்தத் தொல்குடி கற்பனையன்று. குவிலியூட் என்பது உண்மையான மக்களினம். வாஷிங்டன் மாநிலக் கடற்கரையிலே லா புஷ் எனும் ஊரிலே வாழ்கிறார்கள். ஓநாயிலிருந்து தம் முன்னோர் பிறந்ததாகச் சொல்லும் தொல்கதையும் அவர்களுக்கு உண்டு. அந்தக் கதையைக் காதல் வணிகம் எடுத்துக்கொண்டது. அவர்கள் கவலையோ வேறு: ஆழிப்பேரலை வந்தால் ஊர் மூழ்கும் என்பதால் மேட்டுநிலத்துக்குக் குடிபெயர நிலம் வேண்டும் என்று போராடி, 2012-இல்தான் அதற்கான சட்டத்தைப் பெற்றார்கள். ஓநாய் வாலிபனின் மார்பழகை அறிந்தவர்களிலே இதை அறிந்தவர் எத்தனை பேர்?

இதற்கெல்லாம் மருந்து, பேய்க்கதையே வேண்டாம் என்பதா? இல்லை. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி'யிலே கேதரின் எனும் பெண் பேய் மாளிகைப் புதினங்களைப் படித்துப் படித்து, தான் விருந்தாளியாகப் போன வீட்டுத் தலைவர் தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்று ஐயுறுகிறாள். பெட்டியைத் திறந்தால் சலவைக் கணக்குத்தான் கிடைக்கிறது! வாசகர் சிரிக்கிறோம். ஆனால் சில நாளிலே, அவள் பணக்காரி அல்லள் என்று தெரிந்ததும், அதே தலைவர் அவளைத் துணையின்றி வீட்டைவிட்டு விரட்டுகிறார். கொலைகாரன் என்று எண்ணியது தவறு. கொடியவன் என்று எண்ணியது தவறன்று. பேய்க்கதை அவளுக்கு மோப்பத்தைக் கற்றுக்கொடுத்தது. எதை மோப்பம் பிடிப்பது என்பதைத்தான் கற்றுக்கொடுக்கவில்லை.

அதைக் கற்றுக்கொடுத்த காட்டேரிக் கதையும் இருக்கிறது. 'ட்வைலைட்' வந்த அதே 2005-இல், ஆக்டேவியா பட்லர் எனும் கறுப்பின அமெரிக்கப் பெண்மணி 'ஃப்ளெட்ஜ்லிங்' எனும் புதினத்தை வெளியிட்டார். நாயகி ஷோரி, காட்டேரி இனத்தவள். அவள் தோல் கறுப்பு. அந்தக் கறுப்பினாலேயே, மற்றக் காட்டேரிகள் வெயிலில் கருகும்போது அவளால் பகலிலே நடமாட முடிகிறது! கறுப்பு இழிவன்று, அங்கே அது வலிமை. அது பொறுக்காத தூயகுருதிப் பெருமைக்காரர்கள் அவள் குடும்பத்தையே கொன்றொழிக்கிறார்கள். வழக்கு மன்றத்திலே அவளை, நீ எங்கள் இனமே அல்ல என்று இகழ்கிறார்கள். கடியின்பத்தையும் பட்லர் மறைக்கவில்லை. காட்டேரியின் உமிழ்நீர் கடிபட்டவருக்கு இன்பம் தரும், நாளடைவிலே பிரியவே முடியாதபடி பிணைத்துவிடும். அப்படிப் பிணைக்கப்பட்டவர் 'நான் விரும்பித்தான் இருக்கிறேன்' என்று சொன்னால் அந்த விருப்பம் யாருடையது? இந்த வினாவை அவர் ஒதுக்கித்தள்ளாமல், கதை முழுவதும் கூடவே நடக்கவிடுகிறார். ஷோரிக்கே அது உறுத்துகிறது. அந்தக் கதைக்குத் தொடர்ச்சி எதுவும் வெளிவராமலே 2006 பிப்ரவரியிலே பட்லர் மறைந்தார்.

எங்களூர்க் கிளை நூலகத்திலே 'ட்வைலைட்' இருக்கிறது, கைபட்டுக் கைபட்டு அட்டை நைந்து. பட்லரின் நூல் இல்லை. வேண்டும் நூல்களைக் குறிக்கும் பதிவேட்டிலே அதன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். ஒருவர் எழுதினால் நூலகர் புரட்டிவிட்டுப் போவார். வாசகர் வட்டத் தோழர்கள் பத்துப் பேர் எழுதினால் வாங்குவார். தமிழாக்கும் திறனுள்ள தோழர் எவரேனும் இருப்பின், வேலைக்கும் பஞ்சமில்லை.